ஐம்பதா, அறுநூறா?

"கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்துக்கோயேன்மா" என்று அனந்தலக்ஷ்மி மாமி சொன்னபோது விஜிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. வெளிச்சத்தை மறைக்கிறோமோ, குத்துவிளக்கில் துப்பட்டா பட்டுவிடுமோ என்றுதான் நினைத்தாள். கேமராவோடு ஓரடி நகர்ந்தாள். மாமி தலையை ஆட்டினாள். இன்னும் ஓரடி. அதுவும் போதவில்லை. மல்லேஸ்வரத்து அந்த அபார்ட்மென்ட்டின் கூடத்தைத் தாண்டி, செருப்புகள் குவிந்து கிடந்த வாசற்படிக்கு அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமிக்குத் திருப்தி.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே மாமிதான் டபரா டம்ளரில் காபி கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு எத்தனை குழந்தைகள்?" என்று ஆசையாக விசாரித்தாள். விஜியும், "குழந்தை இல்லை மாமி" என்று உள்ளதைச் சொன்னாள். மாமியின் முகத்தில் ஏதோ ஒன்று இழுத்து மூடிக்கொண்டது. அப்புறம்தான் இந்தத் தள்ளி நில்லு.

"தப்பா நினைச்சுக்காதே. பொண்ணு மாசமா இருக்கா பாரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

இதைத் தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? வளைகாப்பு எடுக்க வந்தவளை வாசற்படியில் நிறுத்தினால் அவள் எதை எடுப்பாள், செருப்பையா? விஜியின் கேமராவில் இருந்ததோ ஐம்பது எம்.எம். லென்ஸ். ஐம்பது என்றால் நம் கண் பார்க்கிற மாதிரிதான் பார்க்கும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு எதிரே இருப்பதைக் கிட்டே இழுக்கிற சாமர்த்தியமெல்லாம் அதற்குக் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமா, எடுக்கிறவள்தான் எழுந்து போக வேண்டும். வளையல் வேண்டுமா, வளையல் குலுங்கும் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் நிற்க வேண்டும். அன்றைக்கு விஜிக்குக் கிடைத்தது முழுக்க முதுகுகள். பட்டுப் புடவை முதுகுகள், கொண்டைகள், நடுவில் எங்கேயோ கட்டைவிரல் அளவுக்கு ஒரு கர்ப்பிணி.

போதாக்குறைக்கு, படி இறங்கும்போதே பழைய ஐம்பதின் ஃபோகஸ் மோட்டாரும் மண்டையைப் போட்டது. பிளாஸ்டிக் லென்ஸ், வருஷக்கணக்காக உழைத்தது, பாவம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அவமானம் தாங்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விஜியும் அவள் புருஷன் மைக்கேல்ராஜும் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் போட்டோ, ஆதார் போட்டோ, பிரேம் போடுவது எல்லாம் மைக்கேலின் பாடு. வளைகாப்பு, பெயர் வைப்பு, ஞானஸ்நானம், பிறந்த குழந்தைகள் எல்லாம் விஜியின் பாடு. ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள், காதலித்துக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அவளுக்கு அமைந்த தெருவைப் பாருங்கள்! வியாழக்கிழமையானால் குழந்தை வரம் கேட்டு எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள்கூட விடுவதில்லை. "எதிர்லயே இருக்காரே குழந்தை இயேசு, ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?" கேட்கவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? கேட்டார்கள். டாக்டர்களையும் கேட்டார்கள். ஊசி, மருந்து, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்துவிட்டு, போதும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்து, அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். அழுதார்கள்தான். பிரியாணியும் சாப்பிட்டார்கள். அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆயிற்று. விஜிக்கு இப்போது நாற்பத்தொன்று. அவளுக்குள் அது ஆறிவிட்டது. ஊருக்குத்தான் ஆறமாட்டேன் என்கிறது.

மறுநாள் கடையில் மைக்கேல்தான் பேச்சை எடுத்தான்.

"இந்தத் தடவ ஐம்பது வேணாம் விஜி. அறுநூறு வாங்கிடலாம்."

அறுநூறு என்று அவன் சொன்னது, இருநூறிலிருந்து அறுநூறு எம்.எம். வரை நீளுகிற சூப்பர் டெலிஃபோட்டோ லென்ஸை. சின்னப் பீரங்கி மாதிரி இருக்கும். ஏரிக்கு அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிற பறவையின் கண்ணை இந்தக் கரையில் இருந்தே எடுக்கலாம். விஜி ஆசைப்பட்ட ஐம்பதோ வேறு ஜாதி. வெளிச்சத்துக்கு ஒன்று புள்ளி இரண்டு என்று அகலமாகத் திறந்துகொள்கிற பெரிய கண்ணாடி. ஒரு ஜன்னல் வெளிச்சம் இருந்தால் போதும், ஃப்ளாஷே வேண்டாம். நேற்றுப் பிறந்த குழந்தையின் கண் கூசாமல் எடுக்கலாம். ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ரெண்டில் ஒன்றுதான் இவர்கள் கைக்கு எட்டும்.

"அறுநூறை வெச்சு எந்த வளைகாப்பை எடுக்கறது? அடுத்த தெருவுல நின்னா?"

"வளைகாப்பே வேணாம்ங்கறேன். உனக்குத்தான் பறவைன்னா உசுராச்சே. ஏரி, காடுன்னு போ. ரிசார்ட்காரங்க வாங்கறாங்க, காலண்டர் போடறவங்க வாங்கறாங்க. பறவை எதுவும் உன்னை எத்தனை புள்ளைன்னு கேக்காது."

சண்டைக்காகச் சொல்லியிருந்தால் விஜி ஒரு வார்த்தையில் வாயை அடைத்திருப்பாள். பிரியமாகச் சொன்னான். அதுதான் கஷ்டம். விஜிக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு ஸ்ரீராம்புரம் பேச்சு வந்துவிடும்.

"உன்னை எவனாவது தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கானா? பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறப்ப, உனக்குப் புள்ள இல்ல, எட்டப் போயி எடுன்னு எவனாவது சொன்னானா? ஒண்ணாத்தானே டாக்டர்கிட்ட போனோம், ஒண்ணாத்தானே போதும்னு வந்தோம். வாசப்படி மட்டும் எனக்கா?"

மைக்கேல் கொஞ்ச நேரம் பிரேமுக்கு ஆணி தேடுகிற மாதிரி மேஜையைத் துழாவினான். "மல்லேஸ்வரத்துல இருந்து வந்து நீ ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தே பாரு. அதை என்னால பாக்க முடியல. எனக்கு வலிக்காதா?" என்றான்.

வலிக்கும். அது விஜிக்குத் தெரியும். அதற்கு மேல் கத்த அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். கோரமங்களாவில் லென்ஸ் வாடகைக்கு விடுகிற கடையில் ரெண்டையும் சனி, ஞாயிறுக்கு எடுப்பது. சனிக்கிழமை அறுநூறோடு ஏரி. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு வளைகாப்பு, அதற்கு ஐம்பது. திங்கட்கிழமை முடிவு.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் ஹொஸ்கோட்டை ஏரிக்கரைக்குப் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த அறுநூறு ஒரு ராட்சசன்தான். தூக்கிப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனால் அதன் வழியாகப் பார்த்தால் உலகமே வேறு. தண்ணீருக்கு மேல் ஒரு செம்பருந்து வட்டமடித்தது. வெறும் கண்ணுக்கு அது ஒரு புள்ளி. லென்ஸுக்குள் அதன் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. அது மடாரென்று கீழே விழுந்து மீனை அள்ளி எழுந்தபோது விஜி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். கிடைத்துவிட்டது! காலில் மீன், நகத்தில் சொட்டுகிற தண்ணீர், பழுப்புக் கண். பக்கத்தில் காட்டு நிறத்தில் தொப்பி போட்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பராகிதெ மேடம். ஐ.எஸ்.ஓ. எவ்ளோ வெச்சீங்க?" என்று கேட்டார்.

ஐ.எஸ்.ஓ. எவ்வளவு! கேமரா கணக்கைத் தவிர மனுஷன் வேறு ஒன்றுமே கேட்கவில்லை. காலை முழுக்க யாரும் வேறு ஒன்றுமே கேட்கவில்லை. விஜிக்குச் சிரிப்பாக வந்தது, கண்ணும் கலங்கியது. இப்படி ஒரு காலை அவளுக்கு வாய்த்து எவ்வளவு காலமாயிற்று. திரும்பி வரும்போது வழியில் தட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "நீ சொன்னதுதான் சரி போல மைக்கேல்" என்றாள். மைக்கேல் சட்னி வாளிக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஊற்றச் சொன்னான். அவன் சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான் நிறைய சட்னி கேட்பான்.

அதாவது சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அறுநூறுதான் ஜெயித்திருந்தது. இதை மறக்க வேண்டாம். விஜி ஒன்றும் வீம்புக்கு ஐம்பதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு மங்களத்தின் வீட்டுடையது. மங்களம், விஜி வளர்ந்த சந்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தவள், இப்போதும் இருக்கிறவள். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள், பெரிய மனசுக்காரி. விஜியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள். அவளை விஜி அத்தை என்று கூப்பிடுவாள். மங்களத்தின் பெண் அனுஷாவுக்குத்தான் இப்போது ஏழாம் மாசம். சந்துக்குப் பக்கத்தில் சங்கத்து ஹாலைப் பிடித்திருந்தார்கள். ஒரே ஒரு பெரிய ஜன்னல், மேலே புகை படிந்த ட்யூப்லைட்டுகள். மற்ற போட்டோக்காரர்களாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். விஜி அந்த ஜன்னலைப் பார்த்ததுமே வாடகைக்கு எடுத்த ஐம்பதை மாட்டினாள்.

இங்கே யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. "நம்ம விஜி, நம்ம விஜி" என்று இழுத்துக்கொண்டுபோய் மணைக்கு முன்னால் விட்டார்கள். முழங்காலைக் குத்தி உட்கார்ந்தால் அனுஷாவின் கை இவள் மூக்குக்கு நேராக இருந்தது. சந்தனம் ஈரமாக மின்னியது. வளையல் போடுகிற பெண் அனுஷாவின் விரல்களை ஒன்றாக மடக்கிப் பிடித்துக் கண்ணாடி வளையலை உருட்டி ஏற்றும்போது அனுஷா உதட்டைக் கடித்தாள். அந்த உதடு, அந்த வளையல், ரெண்டு மட்டும் தெளிவாக விழுந்து மற்றதெல்லாம் பாலாகக் கரைந்தது. ஆஹா, லென்ஸா அது! அனுஷா நடுவில் நிமிர்ந்து, "அக்கா, என் மூக்கு வீங்கியிருக்கு, அதை எடுக்காதீங்க" என்றாள். "மூக்குதான்டி அழகா இருக்கு" என்றாள் விஜி. அனுஷா வாய்விட்டுச் சிரித்தாள். அதுவும் விழுந்தது.

நேற்றைக்குச் செம்பருந்து இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விஜி என்று ஒருத்தி கரையில் இருப்பதே அதற்குத் தெரியாது. இந்த அனுஷா சிரித்ததோ விஜியைப் பார்த்து. இதை விட்டுவிட்டா ஏரிக்குப் போகப் பார்த்தோம் என்று விஜிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ரெண்டு கையும் நிறைந்து அனுஷா மணையை விட்டு எழுந்தாள். அடுத்தது கலந்த சாதம், சாப்பாட்டுப் படங்கள் என்று விஜி எழப் போனாள். மங்களம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க எந்திரிக்கற? உக்காரு இப்படி."

"எதுக்கு அத்தை?"

"கேமராவைக் கழட்டி வெச்சிட்டு உக்காரு கண்ணு. புள்ளத்தாச்சி எந்திரிச்ச மணையில சூடு ஆறறதுக்குள்ள உக்காந்து வளையல் போட்டுக்கிட்டா அடுத்தது அவளுக்குத்தான். என் தங்கச்சி மருமகளுக்கு அப்படித்தான் நின்னுச்சு."

நிற்கிறதாம். விஜி வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் நாலைந்து கைகள் அவளை மணையில் உட்கார்த்தி வைத்துவிட்டன. கழுத்தில் கேமரா அப்படியே தொங்கியது. ஒருத்தி கன்னத்தில் சந்தனத்தை அப்பினாள். ஒருத்தி நெற்றியில் குங்குமம் வைத்தாள். மங்களம் பச்சை வளையல் ஒன்றை எடுத்து அவள் கையில் உருட்டினாள். ஹாலில் இருந்த அத்தனை பொம்பளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "குழந்தை இயேசு தெருவுலயே குடியிருக்கா, இவளுக்குப் பாரு இந்தக் கதி" என்றது. இன்னொரு குரல் இரக்கமாக, "அதான் ஊரான் புள்ளைங்களைப் போட்டோ புடிச்சுப் புடிச்சே மனசைத் தேத்திக்கிறா. பாவம்" என்றது.

"பாவம்" என்று மங்களமும் சேர்ந்து சொன்னாள்.

மல்லேஸ்வரத்தில் வாசற்படிக்குத் துரத்தியபோதுகூட விஜிக்கு இவ்வளவு எரியவில்லை. அங்கே அவளை மட்டும்தான் தள்ளினார்கள். இங்கே அவள் வேலையையே பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். மனசைத் தேற்றிக்கொள்கிறாளாம்! இத்தனை வருஷமாக வெளிச்சத்தைப் படித்தது, ஒரு குழந்தை கொட்டாவி விடப் போகிற நொடியை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழகியது, முழங்கால் தேயத் தரையில் கிடந்து எடுத்தது, எல்லாம் மடி காலியாக இருக்கிற துக்கத்துக்கு ஒத்தடமாம். அவள் கைக்கு இருக்கிற திறமை ஒரு பயலுக்கும் தெரியவில்லை. எல்லாரும் அவள் வயிற்றை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

விஜி மணையில் உட்கார்ந்தபடியே கேமராவைத் தூக்கினாள்.

அது வேடிக்கை என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்கள். விஜி அவர்களைப் பார்க்கவில்லை. லென்ஸ் மங்களத்தின் முகத்துக்கு நேராக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. மங்களத்தின் உதடு இன்னும் அந்த வார்த்தையிலேயே இருந்தது. விஜி அழுத்தினாள்.

"பாவம்னு சொன்ன வாயை அப்படியே வெச்சிருங்க அத்தை. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

மறுபடி அழுத்தினாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

விஜி கேமராவை இறக்கினாள். கையில் ஏறியிருந்த பச்சை வளையலைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். "எனக்குப் புள்ள இல்ல. இருக்கணும்னு இப்ப நான் நினைக்கவும் இல்ல. நான் மனசைத் தேத்திக்க இங்க வரல. வேலைக்கு வந்திருக்கேன். எனக்கு இந்த வேலை வரும், நல்லா வரும். அதனால வந்தேன்" என்றாள். தாம்பாளத்தை மங்களத்தின் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள். "வாசப்படிக்கும் போக மாட்டேன், மணையிலயும் உக்கார மாட்டேன். வளையல் எங்க இருக்கோ அங்க நிப்பேன். புடிக்கலன்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்கோங்க."

"நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்" என்றாள் மங்களம். அவள் கண் நிறைந்துவிட்டது.

"தெரியும் அத்தை. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா எனக்கு இவ்ளோ கோபம் வந்திருக்காது."

அனுஷாதான் வளையல் குலுங்க நடந்து வந்து, "அக்கா, சாப்பாடு எடுக்கணும்ல? வாங்க, எனக்குப் பசிக்குது" என்றாள். விஜி கன்னத்துச் சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அவள் பின்னால் போனாள். கடைசிப் பந்தி வரைக்கும் இருந்து எடுத்தாள். அவசரப்பட்டு ஓடிவிடக் கூடாது என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். புளியோதரை இலையில் மட்டும் நாலைந்து படம் ஆடிப்போயிற்று.

சாயங்காலம் கடையில் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். மைக்கேல் அனுஷாவின் உதட்டைப் பார்த்து விசில் அடித்தான். அப்புறம் மங்களத்தின் முகம் வந்தது. ஒவ்வொரு சுருக்கமும், மூக்குத்திக்குப் பக்கத்தில் வியர்வையும், இமையில் கோர்த்திருந்த ஈரமும் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. விஜி திரையில் அந்தக் கண்ணை மட்டும் பெரிதாக்கினாள். பெரிதாக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"பாரு மைக்கேல். அவங்க எங்க பாக்கறாங்க பாரு."

மங்களம் லென்ஸைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குப் பின்னால் இருந்த விஜியின் முகத்தையும் பார்க்கவில்லை. அவ்வளவு கிட்டே இருந்தும், விழி ரெண்டும் கீழே இறங்கி இருந்தன. விஜியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த படத்திலும் அப்படியே.

மைக்கேல் நடந்ததை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்குத்தான் சொன்னேன்" என்றான். "அடுத்த வீட்லயும் இதேதான் நடக்கும் விஜி. தள்ளி நில்லும்பாங்க, இல்ல புடிச்சு உக்கார வெப்பாங்க. நேத்து ஏரியில எவ்ளோ நிம்மதியா இருந்தே."

"இருந்தேன். இல்லேன்னு சொல்லல. ஆனா இவங்க கண்ணுக்குப் பயந்துக்கிட்டு ஏரிக்குப் போனா, அங்க நான் பருந்தைப் பாக்கப் போகல, ஒளிஞ்சுக்கப் போறேன்னு அர்த்தம். அந்தப் பருந்து என்ன பாவம் பண்ணுச்சு, என் ஒளிஞ்சு விளையாட்டுக்கு? எனக்குப் பறவை வேணும்னா எப்பவாவது வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். என் இடம் அந்த ரூமுக்குள்ள, கைக்குப் பக்கத்துல. அதை நான் எவளுக்கும் விட்டுத் தர மாட்டேன், உனக்காகவும் விட மாட்டேன்."

மைக்கேல் திரையில் இருந்த அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு உன்னைப் பத்திரமா வெச்சுக்கணும்னு தோணுச்சு. அது தப்பா?" என்றான். "தப்பு இல்ல. ஆனா வேணாம்" என்றாள் விஜி. அவன் தலையை ஆட்டினான். முழு மனசோடு ஆட்டினான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் திங்கட்கிழமை லென்ஸ் கடைக்கு ஸ்கூட்டரை ஓட்டியது அவன்தான். கடைக்காரர், "எல்லாரும் இப்ப பெருசுதான் மேடம் எடுக்கறாங்க, யோசிச்சுக்கோங்க" என்றதும், "எல்லாரும் எடுக்கட்டும் சார். இவங்களுக்கு ஐம்பதைப் பேக் பண்ணுங்க" என்று சொன்னதும் அவன்தான்.

அடுத்த வாரம் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க மங்களம் கடைக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். பையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது, அதை மேஜையில் வைத்தாள். விஜி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மகளின் சிரிப்பைப் பார்த்து மங்களம் உருகிப்போனாள், கண்ணாலேயே திருஷ்டி கழித்தாள். அப்புறம் மங்களத்தின் முகமே திரையில் வந்தது. விஜி அதை ஒதுக்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மங்களம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். தன் வாயைப் பார்த்தாள், தன் கண்ணைப் பார்த்தாள். கண் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போய், அது எங்கே முடிகிறது என்பதையும் பார்த்தாள்.

"இப்படியாடி உன்னைப் பாத்தேன்?"

"இப்படித்தான் அத்தை பாத்தீங்க. எல்லாரும் இப்படித்தான் பாக்கறாங்க."

"அழிச்சிரு அதை."

"அழிக்க மாட்டேன். ஆல்பத்துல போடல, வெளிய மாட்டல. ஆனா அழிக்க மாட்டேன்."

மங்களம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகப் போகிறாள் என்று விஜி நினைத்தாள். அவள் போகவில்லை. கதவுப் பக்கம் ரெண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். அங்கே கண்ணாடிக் கதவின் வழியாகத் தெரு வெளிச்சம் அவள் மேல் விழுந்தது.

"அப்ப இன்னொண்ணு எடு" என்றாள். "அது ஒண்ணு மட்டும் இருக்கக் கூடாது."

விஜி கேமராவை எடுத்தாள். புது ஐம்பது. மேஜையைச் சுற்றிக்கொண்டு கிட்டே போனாள், கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு. மங்களம் புடவையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றாள். விழி பழக்கப்பட்ட இடத்துக்கே இறங்கியது.

விஜி அழுத்தவில்லை. "மேல அத்தை" என்றாள்.

மங்களத்துக்கு அது சுலபமாக வரவில்லை. பார்வை இழுத்து இழுத்து ஏறியது. கழுத்துச் சங்கிலியில் கொஞ்சம் நின்றது. கன்னத்தில் நின்றது. கேமராவுக்கு மேலாக விஜி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள், இன்று பூராவும் காத்திருக்கத் தயார் என்கிற மாதிரி. கடைசியில் மங்களத்தின் கண் அவள் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் விஜி அழுத்தினாள்.